வெண்பல் வேட்கையின் வரலாறு

மனிதனின் முகத்தில் வாய்திறந்த மாத்திரத்திலேயே அவனைப் பற்றிப் பிறர் ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்ளச் செய்யும் உறுப்பு பல்லாகும். உடையின் குறையை மறைக்கலாம். பேச்சின் குறையை அடக்கத்தால் ஈடுசெய்யலாம். பல்லின் நிறமோ சிரித்தவுடன் வெளிப்பட்டுவிடுகிறது. அதனாலேயே போலும், பல்லை வெண்மையாக்கும் முயற்சி நாகரிகத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே மனிதனைத் தொடர்ந்து வந்திருக்கிறது. சாம்பல், சிறுநீர், அமிலம், சுண்ணாம்பு, ஒளிவிளக்கு என்று அவன் கையாண்ட பொருள்களின் வரிசை நீண்டது. வியப்பும் வேதனையும் ஒருங்கே தருவது.

இன்று நம் நகரங்களின் கடைத்தொகுதிகளில் பல் வெண்மையாக்கும் நிலையங்களின் விளம்பரங்களைக் காண்கிறோம். கைப்பேசித் திரையில் மாணவர்கள் நாள்தோறும் காணும் முகங்களின் பற்களோ பீங்கானைப் போல ஒளிர்கின்றன. இச்சூழலில் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்த வேட்கையின் வரலாற்றை அறிந்திருத்தல் நலம். வரலாறு தெரிந்தவன் விளம்பரத்திற்கு எளிதில் இரையாவதில்லை.

பல்லின் இயல்பு நிறம்

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஓர் அடிப்படை உண்மையைத் தெளிந்துகொள்வோம். பல்லின் மேலுறையாகிய எனாமல், உடலிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது. ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப் பொருளால் ஆனது. அது ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மையுடையது. அதன் கீழே உள்ள டென்டின் என்னும் படலம் இயல்பிலேயே மஞ்சள் சாயல் கொண்டது. ஆகவே, நாம் காணும் பல்லின் நிறம் மேலுறையின் நிறம் மட்டுமன்று. உள்ளிருக்கும் மஞ்சளும் அதில் கலந்தே தெரிகிறது. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது; டென்டின் தடிக்கிறது. முதியோர் பற்கள் மஞ்சளாவதற்கு இதுவே காரணம். நன்கு துலக்கப்பட்ட, நோயற்ற பல்லும் சற்றே மஞ்சளாக இருக்கலாம். பளிச்சென்று வெளுத்த பல்லுக்குள் சொத்தை ஒளிந்திருக்கவும் கூடும்.

கறைகளும் இரு வகைப்படும். தேநீர், காப்பி, வெற்றிலை, புகையிலை முதலியவற்றால் மேற்பரப்பில் படிவது புறக்கறை. பல் உருவாகும் பருவத்திலேயே நீராலோ மருந்தாலோ உள்ளே ஊறிவிடுவது அகக்கறை. முன்னதைத் துடைத்து நீக்கலாம். பின்னது துடைப்பினால் நீங்காது. இவ்வேறுபாட்டை அறியாமல் உள்ளே இருக்கும் நிறத்தை வெளியே தேய்த்து அகற்ற முயன்றதே பல நூற்றாண்டுகளின் பெரும் பிழையாக அமைந்தது.

தமிழில் எயிறும் முறுவலும்

தமிழர் பல்லின் வெண்மையைப் போற்றியவர்கள் என்பதற்குச் சொற்களே சான்று. பழந்தமிழ்ப் புலவர்கள் மகளிர் பல்லுக்கு முல்லை அரும்பையும் முத்தையும் உவமை கூறினர். மயிலிறகின் அடியில் உள்ள வெண்ணிற முள்ளாகிய முருந்தையும் உவமையாக்கினர். ‘வாலெயிறு’ என்னும் சொல்லாட்சி திருக்குறளின் காமத்துப்பாலில் இடம்பெறுகிறது. ‘வால்’ என்பதற்கு வெண்மை, தூய்மை என இரு பொருளும் உண்டு. இறைவனைத் தூய அறிவினன் என்னும் பொருளில் ‘வாலறிவன்’ என்று வள்ளுவர் முதல் அதிகாரத்தில் குறிப்பதை மாணவர் அறிவர். நகை, முறுவல் என்னும் சொற்கள் சிரிப்பையும் பல்லையும் ஒருங்கே குறிப்பன. பல்லும் சிரிப்பும் பிரிக்க இயலாதவை என்ற உணர்வு மொழியிலேயே பதிந்து கிடக்கிறது.

இலக்கண ஆசிரியரின் நோக்கு வேறு. தொல்காப்பியப் பிறப்பியல், தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்துவதால் பிறக்கின்றன என்றும், வகரம் மேற்பல் இதழோடு இயைவதால் பிறக்கின்றது என்றும் விளக்குகிறது. இலக்கணத்தில் பல் ஒலி பிறக்கும் இடங்களுள் ஒன்று. முன்பல் இழந்த குழந்தை வாசிக்கும்போது தகரம் தடுமாறுவதைத் தொடக்கநிலை ஆசிரியர் ஒவ்வொருவரும் கேட்டிருப்பர். பல்லின் பயனை அளக்கும்போது நிறத்துக்கு முன்னே உறுதி வந்து நிற்பதை இதனால் உணரலாம்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தரும் என்னும் பழமொழியும் அதையே வலியுறுத்துகிறது. அது வெண்மையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. சரக, சுசுருத சங்கிதைகள் பற்குச்சியின் பயனை விரித்துரைக்கின்றன. கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சங்கிதையில் பற்குச்சியின் இலக்கணத்திற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு.

இப்பற்குச்சியின் வரலாறு நம் மண்ணையும் தொடுகிறது. கி.பி. 671இல் சீனத்தின் கான்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பௌத்தத் துறவி இ-சிங், ஸ்ரீவிஜயத்தில் தங்கி, கடாரம் எனத் தமிழர் வழங்கிய கெடா வழியாக இந்தியா சென்றார். பின்னர் ஸ்ரீவிஜயத்தில் இருந்தபடியே தாம் கண்ட துறவியர் ஒழுக்கங்களை நூலாக எழுதினார். அதில் பற்குச்சியைப் பற்றித் தனிப்பகுதி ஒன்று உள்ளது. குச்சி எட்டு விரற்கடைக்குக் குறையாமலும் பன்னிரண்டு விரற்கடைக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்றும், நுனியை மென்று தூரிகைபோலாக்கித் துலக்க வேண்டும் என்றும் அவர் எழுதுகிறார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பல் துலக்கும் அறிவு இக்கடல் வழியே பயணம் செய்திருக்கிறது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

உரோமாபுரியின் பொடியும் வழக்கும்

மேலைநாட்டு வரலாற்றில் உரோமானியர் இவ்வேட்கையில் முன்னின்றனர். மான்கொம்பின் சாம்பல் முதலிய பொருள்களைப் பற்பொடிக்கு உரியனவாகப் பிளினி என்னும் அறிஞர் தம் இயற்கை வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். கத்துல்லுஸ் என்னும் இலத்தீன் புலவரோ, எக்னாத்தியுஸ் என்பவன் இடம் பொருள் பாராமல் எப்போதும் பல்லைக் காட்டிச் சிரிப்பதை எள்ளிப் பாடினார். ஸ்பெயின் பகுதியைச் சேர்ந்த அவன் சிறுநீரால் பல்லை வெளுப்பவன் என்றும், அவன் பல் எவ்வளவு வெண்மையோ அவ்வளவு சிறுநீர் அவன் வாயிற் புகுந்ததென்று பொருள் என்றும் அப்புலவர் இகழ்ந்தார்.

இது வெறும் வசையன்று. நாட்பட்ட சிறுநீரில் அம்மோனியா உருவாகிறது; அது அழுக்கையும் கறையையும் கரைக்க வல்லது. உரோமாபுரியின் துணிவெளுப்போர் அதனையே சலவைக்குப் பயன்படுத்தினர். துணியை வெளுக்கும் பொருள் பல்லையும் வெளுக்கும் என்னும் எண்ணம் அன்றே தோன்றிவிட்டது. பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்தும் அதே எண்ணம் வேறு வடிவில் திரும்பி வந்ததைப் பின்னர்க் காண்போம்.

கி.பி. 158ஆம் ஆண்டளவில், இன்றைய லிபியாவில் உள்ள சப்ராத்தா நகர நீதிமன்றத்தில் அப்புலேயுஸ் என்னும் எழுத்தாளர்மீது சூனியக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்மீது கூறப்பட்ட பழிகளுள் ஒன்று, நண்பர் ஒருவருக்கு அரபு நாட்டுச் செடிகளாலான பற்பொடியை அனுப்பி, அதனுடன் செய்யுளும் எழுதியது! அவர் தம் தரப்பு வாதத்தில், மனிதனின் ஆன்மாவுக்கு வாயில் போன்றது வாய். சொல் பிறக்கும் அவ்விடத்தைத் தூய்மையாக வைத்திருப்பதில் என்ன குற்றம் என்னும் கருத்துப்பட வினவினார். பல்லின் தூய்மையைச் சொல்லின் தூய்மையோடு இணைத்த அவ்வாதம் மொழி கற்பிக்கும் நமக்கு உவப்பளிப்பதாகும்.

கரும்பல்லைப் போற்றிய நாடுகள்

வெண்பல்லே உலகெங்கும் அழகெனக் கருதப்பட்டது என்று எண்ணுவோர் கீழை நாடுகளின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். ஜப்பானில் ‘ஓஹகுரோ’ என்னும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலவியது. இரும்பைப் புளித்த நீரில் ஊறவைத்துப் பெற்ற கரைசலையும் துவர்ப்புப் பொருள் மிகுந்த பொடியையும் சேர்த்துப் பூசிப் பல்லைக் கருமையாக்கினர். மணமான பெண்டிர்க்கும் உயர்குடியினர்க்கும் அது சிறப்பின் அடையாளம். 1870இல் மெய்ஜி அரசு உயர்குடியினர் பல்லைக் கருப்பாக்குவதைத் தடை செய்தது. 1873இல் பேரரசியார் கருமை நீங்கிய பல்லுடன் காட்சியளித்தார். அதன்பின் அவ்வழக்கம் விரைவில் மங்கியது. மேலைநாட்டார் கண்ணுக்கு நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்னும் விருப்பம் ஒரு நாட்டின் அழகுணர்வையே ஒரு தலைமுறைக்குள் மாற்றிவிட்டது.

வியட்நாமிலும் அரக்குப் பூசிக் கருக்கிய பல்லே அழகெனப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியின் செல்வாக்கால் அது 20ஆம் நூற்றாண்டில் குன்றியது. மலாய்த் தீவுக்கூட்டத்தில் பல்லை அராவும் வழக்கமும், தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுப் பெற்ற கரிய நெய்யைப் பூசும் வழக்கமும் இருந்தன. பாலித் தீவில் இளைஞர்க்குப் பல்லை அராவும் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. விலங்குக்கே பல் கூரியதாயும் வெளுத்தும் இருக்கும் என்பது அம்மக்களின் எண்ணம்.

நம் தோட்டப்புறப் பாட்டிமார்களும் இவ்வரலாற்றில் இடம்பெற உரியவர்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றால் சிவந்து கறுத்த பல்லோடு அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தாம்பூலம் இல்லாத விருந்தும் இல்லை, திருமணமும் இல்லை. அக்கறை பற்றி அவர்கள் நாணியதில்லை. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருள் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 1985இல் அறிவித்தது. பாக்கும் அத்தகையதே என்று 2004இல் அது வெளியிட்ட அறிக்கை கூறியது. எனவே வெற்றிலைக் கறையில் கவலைக்குரியது நிறமன்று. அதனடியில் வாய்த்தசைக்கு விளையும் கேடே கவலைக்குரியது.

நாவிதர் கையிலிருந்து மருத்துவர் கைக்கு

இடைக்கால ஐரோப்பாவில் முடி திருத்துவோரே பல்லும் பிடுங்கினர். பல்லை வெளுக்க விரும்பி வந்தவரின் எனாமலை அவர்கள் அரத்தால் தேய்த்தனர். அதன்மேல் ‘வன்னீர்’ என்னும் பொருள்பட வழங்கிய நைட்ரிக் அமிலத்தைத் தடவினர். பல் உடனே வெளுத்தது. சில ஆண்டுகளில் எனாமல் அழிந்து பல்லே சிதைந்தது. எனாமல் ஒருமுறை இழக்கப்பட்டால் மீண்டும் வளராது என்பதை அன்றையோர் அறிந்திலர். உடனடிப் பயனைக் கண்டு மகிழ்ந்து, பின்விளைவைக் காணாது போவது மனித இயல்பு. இன்றும் அவ்வியல்பு மாறிவிடவில்லை.

நம் முன்னோரின் எளிய முறைகளிலும் இக்குறை இருந்தது. விடியற்காலையில் பிரட்டுக்குச் செல்லுமுன் அடுப்புக்கரியை நொறுக்கி உப்பைச் சேர்த்து விரலால் துலக்கியவர் நம் பெற்றோர் தலைமுறையில் பலர். உமிக்கரி, சாம்பல், செங்கற்பொடி ஆகியனவும் பயன்பட்டன. நுண்ணிய பொடி புறக்கறையை அகற்றியது உண்மை. பருபருத்த பொடி எனாமலையும் தேய்த்தது என்பதும் உண்மை. அண்மைக் காலத்தில் அதே கரி, அழகிய குப்பிகளில் அடைக்கப்பட்டுப் புதுமைப் பொருளாக விற்பனைக்கு வந்துள்ளது. கரிப் பற்பொடிகளின் பயனுக்கும் பாதுகாப்புக்கும் போதிய சான்று இல்லை என்று 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது.

வெளுப்பின் உண்மையான வேதியியல் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. 1799இல் ஸ்காட்லாந்தில் சார்லஸ் டென்னன்ட் துணிவெளுக்கும் தூளுக்குக் காப்புரிமை பெற்றார். 1818இல் பிரெஞ்சு அறிஞர் தெனார் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டறிந்தார். துணி ஆலைக்குப் பயன்பட்ட வெளுப்புத் தூளையே நரம்பு இறந்து கறுத்த பல்லுக்குப் பயன்படுத்தலாம் என்று அந்நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கப் பல் மருத்துவர் முயன்றனர். 1884இல் ஹார்லன் என்பவர் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தியதை அறிவித்தார். உரோமானிய வண்ணாரின் எண்ணமே மருத்துவரின் கருவிமேசைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. அரமும் அமிலமும் பல்லைத் தேய்த்தன; பெராக்சைடிலிருந்து வெளிப்படும் ஆக்சிஜனோ எனாமலை ஊடுருவி, உள்ளிருக்கும் நிறமிகளைச் சிதைத்தது. அகக்கறையைத் தேய்க்காமலே மாற்றும் வழி அப்போதுதான் கிட்டியது.

தண்ணீரும் மருந்தும் தந்த கறை

எல்லாக் கறையும் தூய்மையின்மையால் வருவதன்று என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தொடங்கியது. 1901இல் அங்குப் பல் மருத்துவராகச் சென்ற பிரெடரிக் மெக்கே, அவ்வூர் மக்களின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டு திகைத்தார். முப்பதாண்டுத் தேடலுக்குப்பின், 1931இல், சர்ச்சில் என்னும் வேதியியலாளர் அவ்வட்டாரக் குடிநீரில் புளோரைடு மிகுந்திருப்பதே காரணம் எனக் கண்டறிந்தார். அளவு மிகுந்தால் கறை. அளவோடு இருந்தால் சொத்தையைத் தடுக்கும் காப்பு. இக்கண்டுபிடிப்பின் பயனாக 1945இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரின் குடிநீரில் அளவறிந்து புளோரைடு சேர்க்கப்பட்டது. சிங்கப்பூர் 1956இல் அம்முறையைத் தொடங்கி 1958க்குள் நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. மலேசிய அமைச்சரவை 1972இல் நாடளாவிய திட்டத்திற்கு இசைவளித்தது. பின்னர், 2005இல், பற்கறை ஏற்படாதிருக்கும் பொருட்டுச் சேர்ப்பளவு பத்து இலட்சத்தில் 0.7 பங்கிலிருந்து 0.5 பங்காகக் குறைக்கப்பட்டது.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் புளோரைடு நோய் பரவியிருப்பதை 1937இல் ஷார்ட்டும் அவர்தம் துணைவரும் விவரித்து எழுதினர். தமிழகத்தின் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் கிணற்று நீரால் பல் பழுத்தவர் எண்ணற்றோர். அவர்களுக்கு நன்னீர் வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அங்குள்ள சிறுவனை நோக்கி, ‘பல் துலக்குவதில்லையா?’ என்று கேட்பவர் எத்தகைய அநீதி இழைக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவன் பல்லில் இருப்பது அவன் ஊரின் கிணறு.

மருந்தாலும் கறை வரும். 1948இல் வெளிவந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் முதலாவது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் இயக்கிய ஆய்வுக்கூடத்தில் அது உருவானது. எண்ணற்ற உயிர்களைக் காத்த அம்மருந்து வகை, வளரும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டபோது பல்லில் மஞ்சளும் சாம்பலுமான பட்டைகளை விட்டுச் சென்றது. இது 1950களில் தெரியவந்தது. அதன்பின் சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அதனைத் தருவது தவிர்க்கப்பட்டது. உயிர் பிழைத்ததன் தழும்பாகவே அக்கறையைச் சுமந்தவர் பலர்.

விளம்பரத்தின் வெண்மை

20ஆம் நூற்றாண்டில் வெண்பல்லை உலகப் பண்டமாக்கியது விளம்பரம். அமெரிக்க விளம்பர வல்லுநர் கிளாட் ஹாப்கின்ஸ், பெப்சோடென்ட் பற்பசைக்காக ஓர் உத்தியைக் கையாண்டார். நாவால் பல்லைத் தடவிப் பாருங்கள். ஒரு படலம் தெரியும். அதுவே உங்கள் பல்லின் ஒளியை மறைக்கிறது என்று எழுதினார். அப்படலம் எல்லார் பல்லிலும் இயற்கையாகப் படிவது. எந்தப் பசையால் துலக்கினும் நீங்கக்கூடியது. எனினும், இல்லாத குறையை உணரச் செய்து பொருளை விற்கும் கலை அன்று முழுமை பெற்றது. பல் துலக்கும் வழக்கம் பரவியது அதன் நற்பயன். தன் பல்லைப் பற்றிய ஐயம் பரவியது அதன் மறுபக்கம்.

தமிழரிடையே இலங்கை வானொலியின் வழியாகக் கோபால் பற்பொடியின் பெயர் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு நாட்டிலும் ஒலித்தது. அந்த ரோசா நிறப் பொடியின் இனிப்பை நினைவுகூர்வோர் இன்றும் உளர்.

ஆனால் நம் வட்டாரத்தில் மிகுதியாக விற்ற பற்பசை ஒன்றின் வரலாறு கசப்பானது. 1933இல் சாங்காய் நகரில் தோன்றிய ஹாலி அண்டு ஹேசல் நிறுவனம், ‘டார்க்கி’ என்னும் பெயரில் பற்பசை விற்றது. கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டும் சொல் அது. முகத்தில் கரி பூசி மேடையேறிய வெள்ளைக் கலைஞரின் தோற்றத்தைத் தழுவிய படம் உறையில் இடம்பெற்றது. கரிய முகத்தருகே பல் மிக வெண்மையாகத் தோன்றும் என்பதே அதன் உட்பொருள். 1985இல் கோல்கேட்-பாமாலிவ் நிறுவனம் அதில் பாதிப் பங்கை வாங்கியது. அமெரிக்காவில் சமய அமைப்புகளும் பங்குதாரரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1989இல் பெயர் ‘டார்லி’ என மாற்றப்பட்டது. ஓரெழுத்து மாறிற்று, சீன மொழியில் ‘கறுப்பர் பற்பசை’ என்னும் பெயரோ நீடித்தது. 2022இல்தான் அதுவும் கைவிடப்பட்டது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள், பல மில்லியன் குடும்பங்களின் குளியலறையில், பல்லின் வெண்மையும் தோலின் கருமையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப்பட்டிருந்தன. தோல் நிறத்தால் கேலிக்கு ஆளாகும் நம் குழந்தைகள் அவ்வுறையைக் காலைதோறும் பார்த்தே வளர்ந்தனர். விளம்பரம் சொல்லாமற் சொல்லும் பாடத்தை ஆசிரியர் புறக்கணிக்க இயலாது.

மருத்துவமனையிலும் இல்லத்திலும்

இன்று வழங்கும் வெளுப்பு முறை தற்செயலாகக் கிட்டியது. 1968இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் பற்சீரமைப்பு மருத்துவர் கிளஸ்மையர், ஈறு புண்ணாகியிருந்த நோயாளிக்கு 10 விழுக்காட்டுக் கார்பமைடு பெராக்சைடு மருந்தைப் பல்லுறையில் இட்டு இரவில் அணியச் செய்தார். ஈறு ஆறியது, பல்லும் வெளுத்திருந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1989இல், வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் ஹேவுட், ஹைமன் என்னும் இருவர் அம்முறையை ஆய்ந்து கட்டுரையாக வெளியிட்டனர். 2001இல் பல்லில் ஒட்டும் வெளுப்புப் பட்டைகள் கடைக்கு வந்தன. மருத்துவர் கையிலிருந்த பொருள் இல்லத்தை எட்டியது.

இன்றுள்ள வழிகளைச் சுருங்கக் கூறின் அவை மூன்று. மருத்துவமனையில் 25 முதல் 40 விழுக்காடு வரை செறிவுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடை, ஈறு வெந்துபோகாதவாறு மறைப்பிட்டு, மருத்துவரே பூசுவது முதலாவது. இது விரைவானது. உடன் பயன்படுத்தும் ஒளிவிளக்கால் கூடுதல் பயன் மிகுதியில்லை என்பது பல ஆய்வுகளின் முடிவு. மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் பல்லுறையில் செறிவு குறைந்த மருந்தை இட்டு, இல்லத்தில் சில வாரம் அணிவது இரண்டாவது. இது மெதுவானது; நன்கு ஆராயப்பட்டது. 10 விழுக்காட்டுக் கார்பமைடு பெராக்சைடு ஏறத்தாழ 3.5 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடையே தரும். கடையில் வாங்கும் பட்டைகளும் பசைகளும் மூன்றாவது. வெண்மை தரும் என்று கூறும் பற்பசைகளுள் பெரும்பாலானவை புறக்கறையைத் தேய்த்து நீக்குவனவே. பல்லின் உள்நிறத்தை அவை மாற்றுவதில்லை.

எம்முறையாயினும் சில உண்மைகள் பொதுவானவை. பற்கூச்சம் உண்டாகலாம், பெரும்பாலும் அது சில நாளில் தணியும். செயற்கைப் பல்லும் பல்லடைப்பும் வெளுப்பதில்லை. பெற்ற வெண்மையும் நிலையானதன்று. சொத்தையோ ஈறுநோயோ இருப்பின் அதை முதலில் குணப்படுத்த வேண்டும். எலுமிச்சைச் சாற்றால் துலக்குவது எனாமலை அரிக்கும். அது நாவிதர் பூசிய அமிலத்தின் தங்கையே ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் 0.1 விழுக்காட்டுக்கு மேல் 6 விழுக்காடு வரை ஹைட்ரஜன் பெராக்சைடு அடங்கிய வெளுப்புப் பொருள்களைப் பல் மருத்துவர்க்கு மட்டுமே விற்கலாம் என்றும், 18 வயதுக்குக் குறைந்தோர்க்குப் பயன்படுத்தலாகாது என்றும் விதித்தது. மாணவர் இவ்விதியை நினைவிற் கொள்க. நம் நாட்டிலும் உரிமமின்றிப் பல் மருத்துவம் செய்வது குற்றம். பற்கம்பி பொருத்தியும் பல்லை மினுக்கியும் பணம் ஈட்டிய போலிகள் நீதிமன்றத்தில் நின்ற செய்திகளை நாளேடுகளில் பன்முறை படித்திருக்கிறோம்.

ஆசிரியர் ஆற்ற வேண்டியது

1929இல் சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. 1940களின் இறுதியில் பினாங்கில், நியூசிலாந்து நாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் தாதியர் பயிற்சி தொடங்கப்பட்டது. அதன்வழி வெண்சீருடை அணிந்த தாதியர் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தனர். மடக்கு நாற்காலியைக் கண்டு அஞ்சி ஓடிய பிள்ளைகளைப் பிடித்து அமர்த்தியது ஆசிரியர்களின் பணியாக இருந்தது. அத்தொண்டு நம் பிள்ளைகளின் வாயில் செய்த நன்மை அளவிடற்கரியது. அத்தாதியர் எந்தப் பிள்ளையின் பல்லையும் நிறம் பார்த்துத் தரம் பிரித்ததில்லை. சொத்தை உண்டா, ஈறு நலமா என்றே பார்த்தனர்.

அந்நோக்கு வகுப்பறைக்கும் வர வேண்டும். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் கையால் வாயை மறைத்துக்கொள்ளும் மாணவரை நாம் கண்டிருக்கிறோம். பல்லின் நிறம் பற்றி எவரோ கூறிய ஒரு சொல், அவர் குரலையே அடைத்துவிடுகிறது. அத்தகையவர் உச்சரிப்புப் பயிற்சியில் பின்தங்குவார், மேடையை வெறுப்பார், நாளடைவில் மொழியிலிருந்தே விலகுவார். பல்லின் நிறத்தால் ஒரு தமிழ்க் குரலை நாம் இழப்பது மொழிக்கும் இழப்பாகும். ஆதலின், பல் துலக்கக் கற்பிக்கும் ஆசிரியர், பல்லின் இயல்பு நிறம் எது என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். காலையிலும் இரவிலும் புளோரைடு கலந்த பசையால் துலக்குவதும், இனிப்பைக் குறைப்பதும், ஆண்டுதோறும் மருத்துவரைக் காண்பதும் எல்லார்க்கும் உரியவை. வெளுப்பது வளர்ந்தவர் விருப்பம். அதை விரும்புவோர் தகுதியுள்ள மருத்துவரை நாடுக.

சாம்பலும் சிறுநீரும் அமிலமும் வெளுப்புத் தூளும் மாறிமாறி வந்தன. கருமை அழகென்றிருந்த நாடு வெண்மை அழகென்று மாறியது. அழகின் அளவுகோல் அரசாலும் வாணிகத்தாலும் மாற்றப்படுவது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. மாறாதது பல்லின் பயன். உண்பதற்கும் உரைப்பதற்கும் நகைப்பதற்கும் அது உறுதியாக இருத்தல் வேண்டும். மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். அந்நகை நம் மாணவர் முகத்தில் கைம்மறைப்பின்றி மலர்வதற்கு வழிசெய்வோமாக.